வேர் விடாத முட்டைகள்

மருதம்மாள் ஒரு முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பதற்கு முன் அதை வலது கண்ணிமையின்மேல் ஒருமுறை ஒற்றிக்கொள்வாள். சூடு பார்ப்பதற்காக. புல் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அவள் விரல்களுக்கு அடைமுட்டையின் வெதுவெதுப்பு தெரிவதில்லை, இமைக்குத் தெரியும். பிறகு சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த விறகறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் அறை அது. அடியில் காசளவு ஓட்டை போட்ட பால்மாவு டின்னுக்குள் டார்ச்சை எரியவிட்டுக் கவிழ்த்து, ஓட்டையின்மேல் முட்டையை வைத்து, இடது கண்ணை மூடி, உதடுகளை உள்ளுக்கு மடித்துக்கொண்டு, இரண்டு விரலால் முட்டையை மெல்லத் திருப்புவாள், வானொலியில் நிலையம் தேடுகிறவர்கள் திருப்புவதுபோல. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு மூக்கு வழியாக வெளியே வந்தால், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

"வேர் விட்டுருச்சு" என்பாள்.

அடை வைத்த நான்காம் நாள் முட்டைக்குள் தெரிவதை அவள் அப்படித்தான் சொல்வாள். மஞ்சள் வெளிச்சத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து நாலா பக்கமும் கிளம்பும் மெல்லிய ரத்தக் கோடுகள். ஓர் இலையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் தெரியும் நரம்புகள் சிவப்பாக இருந்தால் எப்படியோ அப்படி. வேர் விட்ட முட்டை கோழிக்கடியில் திரும்பப் போகும். விடாதது கூமுட்டை, அதை நாய்க்கு ஊற்றிவிடுவாள்.

அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பாடாங் செராயிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில், மேல்வரிசை லயத்தில் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. பகலில் புல்வெட்டுக் கும்பலில் வேலை, மாலையில் கோழி, இதுதான் மருதம்மாள். கல்யாணமான மறு வருடம் அவள் புருஷன் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனான், போனவன்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான தங்கச்சி பிரேமாவதியை அவள்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

அவளுடைய கோழிகளுக்கு ஒரு பெயர் இருந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் சேவல் வாங்க அவளிடம்தான் வருவார்கள். பண்டார் பாருவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர்களும் உண்டு. கொண்டை நிமிர்ந்து, கால் மஞ்சளாக, கழுத்து மயிர் நெருப்புப் போல இருக்கும் சேவல்கள். அவை லயத்தின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் மாட்டுக் கொட்டகைச் சாணத்திலும் நாள் முழுக்கக் கிளறித் தின்று வளர்ந்தவை.

பிரேமாவதியின் புருஷன் பழனியாண்டிக்குக் கூலிமில் லோரி ஓட்டும் வேலை. அவளுக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஆண் குழந்தை. எழுபத்தேழாம் வருடக் கடைசியில், குறை மாதத்தில் பிறந்து அன்று சாயங்காலம் வரை இருந்தது. அதன்பின் அவளைத் தனியாக விட பயந்து பழனியாண்டியே அக்கா வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். சனி, ஞாயிறு வந்து பார்த்துவிட்டுப் போவான்.

அந்தக் குழந்தையைப் புதைத்த பதினாறாம் நாள் மருதம்மாள் முனியாண்டி கோயிலுக்குப் போனாள். தோட்டத்து எல்லையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பூசாரி இருளப்பன் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், மாலையில் சாமியாடி. கூடப் போயிருந்த என் அம்மா செல்லாயி, வீட்டுக்கு வந்து சொன்னது இது.

"ஊருக்கெல்லாம் நேர்த்திச் சேவல் குடுக்கிறியே மருதம்மா, அது என்னா தின்னுட்டு வளருது?" என்று இருளப்பன் கேட்டிருக்கிறார்.

"கோழி என்னாண்ணே திங்கும்? கெடைக்கிறத திங்கும்."

"அதான் சொல்றேன். சாக்கடையில கெடக்கிறத தின்னுட்டு வந்து சாமி முன்னாடி நிக்குது. அவரு யாருக்காகப் பொறுத்துக்கிட்டாரோ. உன் தங்கச்சி வயித்துக்குன்னு ஒண்ணு, ஒரே ஒண்ணு, சுத்தமா குடுத்திருக்கியா?"

மருதம்மாள் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே நேர்ந்துகொண்டாள். மூன்று மண்டலம் சுத்தமான தீனி தின்ற பெட்டைக்கோழி இடும் முட்டை; அதைத் தன் வீட்டிலேயே அடை வைத்துப் பொரித்த சேவல்; பிரேமாவதிக்குப் பிள்ளை உயிரோடு பிறந்து தங்கினால் அந்தச் சேவலை முனியாண்டி காலடியில் விடுவது.

மறுநாளே நாலு கம்பு நட்டு, தரையில் கால் படாத மூங்கில் கூண்டு ஒன்று அடித்தாள். நல்ல பெட்டைகளாக நாலு, ஒரு சேவல். நொய்யரிசியும் தேங்காய்ப் புண்ணாக்கும் கிணற்றுத் தண்ணீரும் மட்டும். புழு இல்லை, பூச்சி இல்லை, மண்ணில் விழுந்தது எதுவும் இல்லை. ஒரு புல் நுனிகூட இல்லை, ஏனென்றால் லயத்தில் புல் முளைக்கும் இடமெல்லாம் சாக்கடை ஓரம்தான்.

குழாயடியில் பெண்கள் விடவில்லை.

"என்னா மருதம்மா, தைப்பூசத்துக்குக் கோழியும் காவடி தூக்குதா?"

"தூக்கும், தூக்கும். நீங்க பால்குடம் எடுங்க, அது காவடி எடுக்கட்டும்" என்று பிரேமாவதிதான் பதில் கொடுப்பாள். அக்கா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள்.

கோழி சுத்தமாக இருந்து வீடு சுத்தமில்லாமல் இருந்தால் என்ன பிரயோசனம் என்று மருதம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுப்பும் மாறியது. மீன், கருவாடு, முட்டை, எல்லாம் கவுச்சி, போயிற்று. கங்கோங் கீரை சாக்கடைத் தண்ணீரில் வளர்வது, அதுவும் போயிற்று. பப்பாளியைப் பிள்ளை வேண்டுகிற வீட்டில் பேச்சுக்கும் எடுக்கக்கூடாது. மஞ்சள் பூசணி திருஷ்டிக்கு உடைக்கிற பொருள். கடைசியில் மிஞ்சியது வெள்ளைச் சோறு, ரசம், உப்பு, கொஞ்சம் பருப்பு. பிரேமாவதி முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள்.

"கூண்டுல அஞ்சு, வீட்டுல ரெண்டு. நம்பளையும் சேத்து எண்ணிக்க அக்கா" என்பாள்.

எழுபத்தெட்டு மே மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மூன்று மண்டலம் முடிந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். மருதம்மாளுக்கு அது சாமியே வைத்த கணக்காகத் தெரிந்தது. கூண்டுக்கோழிகளின் முட்டைகளைச் சேர்த்து அடை வைத்தாள். நான்காம் நாள் டின்னையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு விறகறைக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஒன்றிலும் வேர் இல்லை.

கூமுட்டையாக இருந்திருந்தால் அவள் கலங்கியிருக்க மாட்டாள். கூமுட்டைக்குள் வெளிச்சம் தெளிவாகப் போகும். இவற்றில் மங்கலாக ஒரு நிழல், ஒரு சின்னக் கறை. ஒன்றைத் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கருவின்மேல் வெண்மையாக, அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று, அதைச் சுற்றி வெளிறிய வட்டம். சொட்டு ரத்தம் இல்லை.

"செல்லாயிக்கா," என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கூமுட்டைன்னா உள்ள ஒண்ணும் இருக்காது. இதுல என்னமோ ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பிச்சு..."

பேச்சை விட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அடைக்கோழியை மாற்றிப் பார்த்தாள், இடத்தை மாற்றினாள், அடியில் வைக்கோலை மாற்றினாள். கூண்டுக்கோழிகள் முட்டையிடுவதே குறைந்தது. அவற்றின் கண்ணோரம் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது, ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். உடைத்த முட்டைகளை இப்போது அவள் நாய்க்கு ஊற்றவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி மூடினாள்.

இருளப்பன் கேள்விப்பட்டு வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார்.

"கோழி சுத்தம், தீனி சுத்தம். அப்ப கொறை வேற எங்கயோ இருக்கு. சாமி கை நீட்டல மருதம்மா. வேணாங்கிறாரு."

எதை வேண்டாம் என்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சேவலை ஏற்காத சாமி பிள்ளையை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? அன்றிலிருந்து மருதம்மாள் தங்கச்சியின் வயிற்றை நேராகப் பார்ப்பதை நிறுத்தினாள். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பாள், தலை பின்னும்போது முடியைப் பார்ப்பாள்.

பிரேமாவதி முட்டாள் அல்ல.

"அக்கா, மூணாவது தடவ வச்சியே, என்னாச்சு?"

"வெயில் ஜாஸ்தி. சூடு பிடிக்கல."

"வெயில் ஜாஸ்தின்னா சூடு நல்லா பிடிக்கும்லா. பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சாவது சொல்லு."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்ற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது.

"எனக்குள்ளயும் அப்படித்தான் இருக்கா அக்கா? வேர் விடாம?"

மருதம்மாள் டின்னையும் டார்ச்சையும் பரணில் எறிந்த சத்தம் வந்தது.

ஆறாம் மாதம் பிறந்த சமயம், பொழுது சாய்ந்தபின் குழாயடியில் பிரேமாவதி தூணில் போய் மோதினாள். இரண்டு நாள் கழித்து வாளியை மிதித்துக் கவிழ்த்தாள். எதிரே நின்ற என் அம்மாவை யார் என்று கேட்டாள்.

"கோழி வளக்கிற வீட்ல இருந்து இருந்து இவளுக்கும் கோழிக்கண்ணு வந்துருச்சுடி" என்றாள் ஒருத்தி. "பொழுது சாயறதுக்குள்ள போயி அடைஞ்சுக்க."

"அடைஞ்சா முட்டையும் உடுறேன். காலையில வந்து பொறுக்கிக்குங்க" என்றாள் பிரேமாவதி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கை மட்டும் குழாயைத் தேடிக் காற்றில் துழாவிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள். மறுநாள் இரண்டு பேரையும் தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸர் ஜெரார்ட். சுங்கை பட்டாணிப் பக்கத்து வேதக்காரர், வயது முப்பதுக்குள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. பிரேமாவதியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மருதம்மாள் பெருமையாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"கீரை?"

"கெடையாது."

"முட்டை, மீனு, ஈரல்? மஞ்சப் பூசணி? பப்பாளி?"

"தம்பி, புள்ளத்தாச்சிக்குப் பப்பாளியா?"

"காய வேணாம்னா பழுத்தத குடுங்கக்கா. இது மாலைக்கண்ணு. வைட்டமின் ஏ கொறைஞ்சா வர்றது. வயித்துல இருக்கிற புள்ளைக்கும் அது வேணும்." ஒரு சின்னப் புட்டியில் மாத்திரைகளை எண்ணிப் போட்டார். "தெனமும் ஒண்ணு. ஒண்ணுதான். சீக்கிரம் சொகமாகட்டும்னு அள்ளிக் குடுத்துராதீங்க, கூடினாலும் வயித்துப் புள்ளைக்குக் கெடுதல். அடுத்த வாரம் கூலிம் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தர்றேன்."

"இது என்னா தம்பி, உள்ள எண்ணெயா?"

"மீன் ஈரல் எண்ணெ."

மருதம்மாள் புட்டியை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"அக்கா, அந்தப் புள்ள உங்க முனியாண்டிக்கும் வேணும், எங்க அந்தோணியாருக்கும் வேணும். எடுத்துக்கிட்டுப் போங்க."

"உங்க சாமி கோவிச்சுக்கிட்டா மெழுகுவத்தி ஏத்தி சமாதானம் பண்ணிருவீங்க. எங்க சாமி அப்படி இல்ல." பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலே, "தம்பி, முட்டையில ரத்தம் ஓடலன்னா என்னா காரணம்?" என்று கேட்டாள்.

"முட்டையிலயா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கோழிக்கு நான் டிரெஸர் இல்லக்கா."

புட்டியை என் அம்மாதான் எடுத்து வந்தாள். மருதம்மாள் அதை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிரேமாவதி சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று அம்மா அவளைத் தனியாகக் கேட்டபோது சொன்னாள்:

"நான் முழுங்கிட்டு, அப்புறம் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அக்கா காலம் பூரா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்கா. நேர்த்தி ஒடைஞ்சதாலதான்னு. எனக்கு அது சூசாலா, கஷ்டம். அதுவா திறந்து குடுக்கட்டும்."

இதற்குச் சில வாரங்கள் முன்பே கூண்டின் ஒரு கம்பு கரையான் அரித்துச் சாய்ந்து, புள்ளிக்கோழி ஒன்று காணாமல் போயிருந்தது. உடும்பு தூக்கிக்கொண்டு போயிற்று என்று விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயக்கொட்டகையின் பின்னால், லாலான் புல்லுக்குள் அது அடைகாத்துக்கொண்டிருப்பதை அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மருதம்மாள் போனாள். பக்கத்தில் சாக்கடை, அதன் இரண்டு கரையிலும் கங்கோங் அடர்ந்து கிடந்தது, கோழி கொத்திய இடமெல்லாம் இலைகள் கிழிந்து கிடந்தன. கோழியின் அலகில் சேறு. கண்கள் பீளை இல்லாமல், ஈரமாக, தெளிவாக இருந்தன.

அவள் ஒரு முட்டையை எடுத்தாள். இமையில் ஒற்றினாள். முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து பரணிலிருந்து டின்னை இறக்கினாள். அம்மா விறகறை வாசலில் நின்றாள்.

"செல்லாயிக்கா, உள்ள வா." உள்ளிருந்து வந்த குரல் அவளுடையதுபோல இல்லை. "எனக்குக் கண்ணு சரியில்லையோ என்னமோ. நீ பாரு."

அம்மா குனிந்து பார்த்தாள். முட்டையின் பாதி வரைக்கும் சிவப்புக் கோடுகள் பரவியிருந்தன. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஓடு முடியும் இடம்வரை போய்விட வேண்டும் என்று கிளம்பியவைபோல. நடுவில் அந்தப் புள்ளி.

"துள்ளுது மருதம்மா" என்றாள் அம்மா.

மருதம்மாள் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஓட்டில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கோழி, நொய்யும் புண்ணாக்கும் தின்ற நாளில் அதன் முட்டையில் ஒன்றும் ஓடவில்லை. சாக்கடையில் தின்றபின் ஓடுகிறது.

அவள் கோயிலுக்குப் போய்க் கேட்கவில்லை. முட்டையைக் கொண்டுபோய்ப் புள்ளிக்கோழிக்கடியில் வைத்துவிட்டு வந்து, கூண்டின் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்தவை வெளியே வரவில்லை, அவற்றுக்கு மறந்திருந்தது. கூண்டைச் சாய்த்துத்தான் கொட்டவேண்டியிருந்தது. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு அதே சாக்கடைக் கரைக்குப் போய் ஒரு கட்டு கங்கோங் அறுத்தாள். கிணற்றடியில் ஏழெட்டுத் தண்ணீர் விட்டு அலசினாள். மிளகாய் கிள்ளிப் போட்டு வதக்கி, கூடவே என் அம்மாவிடம் வாங்கிய முட்டை ஒன்றைப் பொரித்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தாள்.

"தின்னு."

"நேர்த்தி?"

"அது என் பாடு. நீ தின்னு."

பிரேமாவதி தின்றாள். இடையில் விக்கல் வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் மீறித் தின்றாள்.

இரண்டு வாரத்துக்குள் அவளுக்கு அந்திப் பார்வை திரும்பியது. எழுபத்தொன்பது பிப்ரவரியில், கூலிம் ஆஸ்பத்திரியில், மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்றார்கள், ஆனால் அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. பழனியாண்டி லோரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வந்தான். காவலாளி திட்டியது அவன் காதில் விழவே இல்லை.

பிரேமாவதி குழந்தையைத் தூக்கி அக்காவிடம் நீட்டினாள். மருதம்மாள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கையில குடுக்காத."

களைப்பில் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. தோட்டத்துக்கு வந்தபின் அந்தக் குழந்தைக்கு வேண்டியதெல்லாம் அவள் செய்தாள். தண்ணீர் காய்ச்சினாள், துணி துவைத்தாள், தொட்டில் கட்டினாள், பாடாங் செராய் பாசாருக்குப் போய்ப் பூசணியும் ஈரலும் வாங்கி வந்து தங்கச்சிக்குச் சமைத்துப் போட்டாள். குழந்தையை மட்டும் தொடவில்லை. அழுதால் தொட்டில் கயிற்றை இழுப்பாள். நாகேஸ்வரி என்று பெயர் வைத்தபோது காதில் பெயர் சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

"பெத்தது நானு, காப்பாத்தினது நீ. தொட்டா என்னா கொறைஞ்சு போகுது?" என்று பிரேமாவதி ஒருநாள் கத்தினாள்.

"அவரு குடுக்கமாட்டேன்னு மூணு தடவ சொன்னாரு பிரேமா. முட்டைய காட்டிக் காட்டிச் சொன்னாரு. நான் சாக்கடையில இருந்து எடுத்து உனக்குக் குடுத்தேன். அது எடுத்தது, அவரு குடுத்தது இல்ல. எடுத்த கை தொட்டா அவருக்கு ஞாபகம் வந்துரும்லா."

இருளப்பனும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு மாதிரி. "சாமி சோதிச்சுப் பாத்தாரு. அவ பொறுக்கல." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

குழந்தை தவழத் தொடங்கியதும் அவளைத் தேடித்தான் போகும். மருதம்மாள் பெஞ்சின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதைக் குழந்தை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. நடக்க வந்தபின் "பெரிம்மா, பெரிம்மா" என்று துரத்தும். அவள் துணிக் கொடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவள் முகத்தைப் பார்க்கும்வரை.

நேர்த்திச் சேவல் கேட்டு அதன்பின் வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள். "எங்கிட்ட இருக்கிறது சாக்கடைக் கோழி. சாமிக்கு ஆகாது" என்பாள். பண்டார் பாருக்காரர் ஒருவர், இத்தனை வருடம் ஆகவில்லையா என்று கேட்டதற்கு, "அப்ப எனக்குத் தெரியல" என்றாள்.

எண்பத்து நாலாம் வருட மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கும்பலில் இன்னும் இரண்டு பேருக்கும் கண்டு, அவர்களுக்குச் சரியாயிற்று. இவளுக்கு மஞ்சள் காமாலையாகி, ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிரேமாவதி நாகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்து வயதுப் பெண், கட்டிலருகே நின்று, "பெரிம்மா, ஓடாத, படுத்திரு" என்றதாம். மருதம்மாள் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எத்தனை நேரம் நின்றும் அவை வெளியே வரவில்லை.

உடலைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தியிருந்தபோது பிரேமாவதி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் சின்னக் கையை எடுத்து அக்காவின் கைமேல் வைத்தாள். யாரோ வயதானவர்கள் வேண்டாம் என்றார்கள்.

"இனிமே அவருக்கு ஞாபகம் வந்தா என்னா, வரலன்னா என்னா" என்றாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

எண்பத்தேழில் நான் சுங்கை பட்டாணியில் கோழித்தீவனம் விற்கும் கடை ஒன்றில் வேலையில் இருந்தேன். கால்நடை இலாகா அலோர் ஸ்டாரில் கடைக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் ஒருநாள் வகுப்பு வைத்தது; முதலாளி என்னை அனுப்பினார். கால்நடை மருத்துவரான ஒரு மலாய்ப் பெண்மணி, திரையில் முட்டைப் படங்களைக் காட்டிப் பேசினார். ஒரு படத்தில் அந்தச் சிவப்பு வேர்கள் இருந்தன. அடுத்த படத்தில் இல்லை; மஞ்சளின்மேல் வெளிறிய வட்டம் மட்டும். பெண்டாங்கிலிருந்து வந்திருந்த ஒருவர், இது என்ன கிருமி என்று கேட்டார். கிருமி இல்லை, நோயும் இல்லை என்றார் அவர். தாய்க்கோழியின் தீனியில் பச்சை இலையும் மஞ்சள் சோளமும் நெடுநாள் இல்லாமல் போனால் முட்டைக்குள் வைட்டமின் ஏ இருக்காது. கருவில் ரத்தக்குழாய்கள் உருவாவதற்கு அது சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். பிறகு, சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் காடை முட்டைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்ட முட்டையிலும் இதயம் உண்டாகிறது. இரண்டாம் நாள் துடிக்கவும் தொடங்குகிறது. வெளியே மஞ்சள் கருவின்மேல் இருக்கும் குழாய்களோடு அதைச் சேர்க்கும் வழிதான் திறப்பதில்லை. எங்கும் போகாமல், எதுவும் வந்து சேராமல், தனியாகக் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு, நான்காம் நாளுக்குள் நின்றுவிடுகிறது.

மருதம்மாள் பார்த்தது எப்போதும் நான்காம் நாள்.